ஏரிக்கரையில் என் கையைப் பிடித்தவர்

தாமல் ஏரிக்கரையில் ஓடிக்கொண்டிருக்கிறேன். இடது பக்கம் நிறைந்த தண்ணீர். வலது பக்கம், பள்ளத்தில், புதிதாக நாற்று நட்ட வயல். எதிரே மதகுக்குப் பக்கத்தில் காற்றடைத்து நிறுத்திய நீல வளைவு ஆடிக்கொண்டிருக்கிறது. அதற்குள் நுழைந்தால் பந்தயம் முடிந்தது. பெண்களில் இரண்டு பேர் எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மூன்றாவது நான்.

பின்னால் காலடிச் சத்தம் கேட்கிறது. சரளை மண்ணில் ஒரே சீராக விழும் காலடி. ஓடத் தெரிந்தவருடைய காலடி. நான் திரும்பிப் பார்க்கவில்லை. உடம்புக்குள் இன்னும் கொஞ்சம் மிச்சம் வைத்திருந்தேன். கரையில் ஒற்றையாக நிற்கும் பனைமரம் வரை இப்படியே போவது, அதைத் தாண்டியதும் இருப்பதையெல்லாம் கொட்டிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன்.

பனையைத் தாண்டினேன். காலை எட்டி வைத்தேன். அப்போது என் வலது கையை ஒரு கை வந்து பிடித்தது.

“வாங்க அக்கா. சேர்ந்தே முடிக்கலாம்.”

ஈரமான, குளிர்ந்த கை. என் வேகம் போய் அவருடைய வேகத்தில் மாட்டிக்கொண்டது. உதறினேன். நான் சந்தோஷத்தில் கையை ஆட்டுகிறேன் என்று அவர் நினைத்தாரோ என்னவோ, இரண்டு பேருடைய கையையும் சேர்த்து மேலே தூக்கினார். அப்படியே வளைவுக்குள் போனோம். எல்லாரும் கைதட்டினார்கள். மைக்கில் ஒருவர் தொண்டை கரகரக்க, “இதுதான் ஸ்போர்ட்ஸ், இதுதான் ஸ்போர்ட்ஸ்” என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

காஞ்சிபுரத்தில் பெண்களுக்கு நான் ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுக்கொடுக்கத் தொடங்கிய கதையைப் போன வாரம் படித்த வாசகி ஒருவர், “உங்களுக்குக் கோபமே வராதா?” என்று கேட்டிருக்கிறார். வரும் அம்மா. இந்த வாரக் கட்டுரை முழுக்க அதுதான்.

எருமை வால்

நான் பிறந்தது காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில், தாமலில். அப்பாவும் அம்மாவும் அந்த ஏரித் தண்ணீர் பாயும் வயல்களில் கூலி வேலை செய்தார்கள். தண்ணீரும் வயலும் வேறு ஆட்களுடையவை. அவர்களுடைய எருமைகளைக் குளிப்பாட்டுவது பிள்ளைகளாகிய எங்கள் வேலை. அப்படித்தான் நீந்தக் கற்றேன். எருமை ஆழத்துக்குப் போகும்போது வாலைப் பிடித்துக்கொண்டு பின்னால் போவேன். ஒருநாள் வால் நழுவியது. கை கால் தானாக அடித்துக்கொண்டது. மூழ்கவில்லை.

பெரியவள் ஆனதும் ஏரிக்குப் போகக் கூடாது என்றார்கள். மறுபடி அந்தத் தண்ணீரில் நான் இறங்கியபோது எனக்கு நாற்பது வயது நெருங்கிக்கொண்டிருந்தது. இரண்டு பிள்ளைகள் பிறந்து, வளர்ந்து, பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தார்கள்.

அதற்குக் காரணம் என்னிடம் ஸ்கூட்டர் பழக வந்த ஓர் உடற்பயிற்சி ஆசிரியை. நான் தினமும் சைக்கிளில் மைதானத்துக்கு வருவதைப் பார்த்துவிட்டு, “டிரையத்லான்னு ஒண்ணு இருக்குது, தெரியுமா?” என்று கேட்டார். முதலில் நீச்சல், ஈரத்தோடு ஏறிச் சைக்கிள், இறங்கியதும் ஓட்டம். நடுவில் உட்கார நேரம் கிடையாது. கேட்டபோது சிரித்தேன். வீட்டுக்குப் போய்ப் பாத்திரம் தேய்க்கும்போது அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

தலையைத் தண்ணீருக்கு மேலே தூக்கி வைத்துக்கொண்டு நீந்துவதுதான் எனக்குத் தெரியும். முகத்தை உள்ளே விட்டு, பக்கவாட்டில் மூச்சு எடுப்பதைப் போனில் பார்த்துப் பழகினேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏரி, பிறகு வீட்டுக்கு வந்து தலை துவட்டிக்கொண்டு சர்ச். ஜெபத்தில் கண்ணை மூடினால் காதில் தண்ணீர் குளுகுளுவென்று ஆடும்.

ஓட்டத்தைப் பெரிய காஞ்சிபுரத்துத் தெருக்களில் பழகினேன். விடிந்தும் விடியாமலும் போனால் தெரு காலியாக இருக்கும். கொஞ்சம் தாமதமானால் தொலைந்தேன். சேலை வாங்க வெளியூர்க்காரர்கள் வரும் கார்களுக்காகக் கடைத் தரகர்கள் மூலைக்கு மூலை நிற்பார்கள். அவர்களில் ஒருவர், ஒரு நாள் என்னோடு கூடவே ஓடி வந்து, “பட்டு சேலையாமா? தறி வெலைக்கே தர்றோம்மா” என்றார். உள்ளூர்க்காரி என்று சொல்ல எனக்கு மூச்சு இல்லை. கோயில் மதில் முடியும்வரை வந்துவிட்டுத்தான் நின்றார். இன்றைக்கும் நினைத்தால் சிரிப்பு வருகிறது. அவராவது என்னை ஒரு வாடிக்கையாளராக மதித்தார்.

கடைசியாக வந்த முதல் பந்தயம்

பலசாலிகள் மேல் எனக்குக் கோபம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

என் முதல் பந்தயம் கடற்கரைச் சாலைப் பக்கம் ஒரு நீச்சல் குளத்தில் தொடங்கியது. வந்தவர்கள் எல்லாரும் சென்னைக்காரர்கள். டாக்டர்கள், கம்பெனி மேனேஜர்கள், காலேஜ் பிள்ளைகள். விரலால் தூக்கிவிடலாம் போன்ற சைக்கிள்கள். அவை என்னைத் தாண்டிப் போகும்போது விர்ரென்று காற்று கிழியும். என் சைக்கிள் ஏற்கெனவே ஒருவர் ஓட்டித் தள்ளியது, கியர் மாற்றினால் பல் கடிக்கும். ஒவ்வொருவராக என்னைக் கடந்து போனார்கள். அவர்களுடைய கெண்டைக்கால் சதையைப் பார்த்துக்கொண்டே மிதித்தேன். எப்படி இப்படி ஆக்கினார்கள் என்று ஆசையாக இருந்தது.

எல்லாருக்கும் கடைசியாக வந்தேன். நான் போய்ச் சேரும்போது வளைவில் இருந்து காற்றைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். அது என் முன்னாலேயே மடிந்து படுத்தது. அதன் மேல் ஏறி மிதித்து முடித்தேன்.

அன்று துளிக் கோபம் இல்லை. தோற்றது நான். என் காலால் தோற்றேன். வீட்டுக்கு வந்து இரண்டு தட்டுப் பிரியாணி சாப்பிட்டுவிட்டுத் தூங்கினேன்.

அதற்குப் பிறகு இன்னும் சில பந்தயங்கள். கடைசியிலிருந்து நடுவுக்கு வந்தேன். அப்படி இருக்கும்போதுதான் எங்கள் ஏரியிலேயே ஒன்று நடத்தப்போகிறார்கள் என்று செய்தி வந்தது.

பச்சைப் பாவாடை

பந்தயத்துக்குத் திரும்பும் முன் பழைய விஷயம் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால், கையைப் பிடித்ததற்கா இவ்வளவு கோபம் என்றுதான் உங்களுக்கும் தோன்றும். என் கணவர் ஜான்சனுக்கே அப்படித்தான் தோன்றியது.

நான்காம் வகுப்போ ஐந்தாம் வகுப்போ படித்தேன். அப்பா வேலை செய்த நிலக்காரர் வீட்டுப் பெண்ணும் என் வகுப்புதான். பள்ளிக்கூட விளையாட்டு விழாவில் ஓட்டப் பந்தயம் வைத்தார்கள். நான் முதலில் வந்தேன், அவள் இரண்டாவது. எனக்கு ஒரு பிளாஸ்டிக் சோப்பு டப்பா கொடுத்தார்கள். அதில் சோப்பு போட விடாமல் பல நாள் மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தேன்.

அடுத்து வந்த மாட்டுப் பொங்கலுக்கு வழக்கம் போல அம்மாவோடு அந்த வீட்டுக்குப் போனேன். அந்த வீட்டு அம்மாள் படிக்கு மேலே நிற்பார். நாங்கள் கீழே நிற்போம். அம்மா முந்தானையை விரித்து ஏந்துவாள். துணி மேலேயிருந்து விழும். கையில் தர மாட்டார்கள். அந்த வருடம் விழுந்தது பச்சைப் பாவாடை. அவர்கள் பெண்ணுக்குச் சின்னதாகிவிட்டது.

“இவதானே ஓட்டத்துல ஜெயிச்சவ?” என்று அந்த அம்மாள் கேட்டார். பிறகு சிரித்துக்கொண்டே சொன்னார். “எங்க பாப்பா வந்து சொல்லிச்சு. பாவம், கூலிக்காரங்க வூட்டுப் பொண்ணு ஆசப்படுதேன்னு விட்டுக் குடுத்துட்டேன்னு.”

பொய். அவள் வாயைத் திறந்துகொண்டு மூச்சு வாங்கி எனக்கு ஐந்தாறடி பின்னால் வந்தாள். அதைச் சொல்ல நான் வாயெடுத்தேன். அம்மா என் தோளை அழுத்தினாள். “ஆமாம்மா. நல்ல மனசு உங்க பொண்ணுக்கு” என்றாள்.

அந்தப் பாவாடையை நான் உடுத்தவில்லை. அடி வாங்கியும் உடுத்தவில்லை.

மேடையில் ஏறாத கதை

இப்போது ஏரிக்கரைக்கு வருகிறேன்.

என் கையைப் பிடித்தவர் பெயர் நந்திதா. சென்னையில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் பெரிய பொறுப்பில் இருப்பவர். என்னைவிடச் சில வயது சின்னவர். வழக்கமாக முதலிடம் அவருக்குத்தான். அன்று பெங்களூர் நெடுஞ்சாலையில் அவருடைய சைக்கிள் டயர் பஞ்சராகிவிட்டது. அதை மாற்றும் நேரத்தில் மூன்று பெண்கள் அவரைத் தாண்டிவிட்டோம். ஓட்டத்தில் அவர் எங்களைப் பிடிக்க வந்துகொண்டிருந்தார். கரையில் நான் கேட்டது அவருடைய காலடி.

அவர் என்னை முந்தியிருப்பாரா? முந்தியிருக்கலாம். பனை தாண்டியதும் நான் எடுத்த வேகத்தில் அவர் பின்தங்கியிருப்பாரா? அதுவும் நடந்திருக்கலாம். அதைத் தெரிந்துகொள்ளத்தான் நான் மாதக்கணக்கில் ஏரியில் விறைத்தேன். இன்றுவரை தெரியாது. இனித் தெரியவும் தெரியாது. என் கோபம் இவ்வளவுதான்.

ஈரத் துணியோடு நடுவரிடம் போனேன். வெள்ளைத் தொப்பி போட்ட வயதான மனிதர்.

“சார், ரெண்டு பேர் வேணும்னே கையக் கோத்துக்கினு முடிச்சா விதியில இன்னா சொல்லுது?”

அவர் தயங்கினார். “பெரிய போட்டில எல்லாம் ரெண்டு பேரையும் லிஸ்ட்லேர்ந்து தூக்கிடுவாங்கம்மா. வேணும்னே சேர்ந்து முடிக்கக் கூடாது.”

“அப்ப தூக்குங்க சார்.”

“உங்களையும் சேர்த்துத்தாம்மா தூக்கணும்.”

“தெரியுது சார். தூக்குங்க.”

அதற்குள் மைக் பிடித்தவர் வந்துவிட்டார். பந்தயத்தை நடத்தும் குழுவில் முக்கியமானவர் அவர்தான். “மேடம், இது ஜாலியா பண்ற ஈவென்ட். யாரையும் டிஸ்குவாலிஃபை பண்ண மாட்டோம். வீடியோ போட்டுட்டோம். பாருங்க, அதுக்குள்ள எத்தன பேர் ஷேர் பண்ணிட்டாங்க. உங்களுக்குத்தான் நல்ல பேரு.”

“எனக்கு இன்னா நல்ல பேருங்க? நான் இன்னா பண்ணேன் அதுல?”

அவர் மைக்கைத் தட்டிப் பார்த்துக்கொண்டே மேடைப் பக்கம் போனார். நான் ஒன்றும் செய்யவில்லை என்பது அவருக்கும் தெரிந்திருந்தது.

பரிசளிப்பில், “மூன்றாம் இடம், நந்திதாவும், நம்ம லோக்கல் அக்கா சுகந்தியும்” என்று கூப்பிட்டார்கள். மற்ற எல்லாருக்கும் பெயருக்கு முன்னால் ஒன்றும் இல்லை. நான் மட்டும் லோக்கல் அக்கா. மேடையில் ஏறவில்லை. சைக்கிள் நிறுத்தியிருந்த இடத்தில் நின்று கால் சேற்றைத் துடைத்துக்கொண்டிருந்தேன். நந்திதா மூன்றாம் படியில் தனியாக நின்றார். யாரையோ தேடுவதுபோலக் கூட்டத்தைப் பார்த்தார். பிறகு இறங்கி நேரே என்னிடம் வந்தார்.

“நான் ஏதாவது தப்பு பண்ணிட்டேனா அக்கா?”

“என்னத் தாண்டிப் போயிருக்கலாமில்ல?”

“போயிருக்கலாம். ஆனா நீங்க அவ்வளவு கஷ்டப்பட்டு ஓடிட்டு இருந்தீங்க. எனக்கு இது இன்னொரு மெடல். உங்களுக்கு...”

“எனக்கு?”

அவர் கழுத்து மெடலைத் திருப்பிப் பார்த்தார்.

“நான் கஷ்டப்படல மேடம். ஓடிக்கினு இருந்தேன். ஓடறவங்க மூஞ்சி அப்பிடித்தான் இருக்கும். உங்க மூஞ்சியும் அப்பிடித்தான் இருந்திருக்கும். அதப் பாத்து யாராச்சும் வந்து கையப் புடிச்சாங்களா?”

அவர் முகம் சிவந்தது. நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். எனக்கான மெடல் மேசையிலேயே இருந்தது.

ஊர் சொன்னது

அந்த வீடியோ ஊரெல்லாம் சுற்றியது. சர்ச்சில் பிரசங்கத்தில் சொன்னார்கள். ஒரு பட்டுக்கடையிலிருந்து ஆள் வந்து, எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே நிறத்தில் சேலை கட்டிவிட்டுப் படம் எடுக்க வேண்டும் என்றார். வாசலிலேயே நிறுத்தி அனுப்பினேன்.

வேறு யாரோ எடுத்த இன்னொரு வீடியோவும் வந்தது. அதில் நான் கையை உதறுவது தெளிவாகத் தெரிந்தது. அதற்கு அடியில் எழுதியதையெல்லாம் படித்தேன். படித்திருக்கக் கூடாது. திமிர் என்றார்கள். நன்றி கெட்டவள் என்றார்கள். இவர்களையெல்லாம் பக்கத்தில் சேர்த்தால் இப்படித்தான் என்று ஒருவர் எழுதியிருந்தார். ‘இவர்களை’ என்றால் யாரை என்று அவர் எழுதவில்லை. எழுத வேண்டிய அவசியமும் இல்லை.

“உடு சுகந்தி” என்றார் ஜான்சன். “அந்தப் பொண்ணு நல்லது நெனச்சுத்தான் பண்ணுச்சு. இன்னாத்துக்கு இவ்ளோ கோவம்?”

“நீ ஷிப்ட்ல முடிச்ச வேலைய, பாவம்னு சூப்பர்வைசர் வந்து பாதி நான் செஞ்சேன்னு எழுதிக்கினா உனக்கு எப்பிடி இருக்கும்?”

ஸ்ரீபெரும்புதூர் கம்பெனி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து போனார். அன்று சாயந்திரம் வந்ததும் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே, “நீ சொன்னது சரிதான்” என்றார். பஸ் போகும் வழியெல்லாம் யோசித்திருக்கிறார்.

என் அம்மா எங்களோடுதான் இருக்கிறாள். அவள் வீடியோவைப் பார்த்துவிட்டு மறுபடி ஒரு தரம் போடச் சொன்னாள். நல்ல மனசு என்றுதான் சொல்லப்போகிறாள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

“அந்த வருசம் அவங்க பொண்ணு விட்டுக் குடுக்கலன்னு எனக்குத் தெரியும்டி” என்றாள். “நான் பள்ளிக்கூடத்துக்கு எதிர, களத்து மேட்டுல நின்னு பாத்துக்கினுதான் இருந்தேன்.”

 இத்தனை வருடம் கழித்துச் சொல்கிறாளே என்று அவள் மேலும் கோபம் வந்தது. எழுந்து போய்த் துணி காயப்போட்டேன்.

யாரும் இல்லாத பந்தயம்

சில வாரம் கழித்து நந்திதா போனில் பேசினார். மன்னிப்புக் கேட்டார். நான் சரி என்று சொல்லவில்லை.

“மன்னிப்பு வேணாம் மேடம். ஒரு ஞாயித்துக்கெழம தாமலுக்கு வாங்க. அதே நீச்சல், அதே ரோடு, அதே கர. நம்ம ரெண்டு பேர் மட்டும். முழு பலத்தோட ஓடணும். உங்களுக்கும் எனக்கும் நடுவுல எவ்ளோ தூரம் இருக்குதுன்னு நான் பாக்கணும்.”

 “வர்றேன்” என்றார்.

தை மாதக் கடைசியில் வந்தார். ஏரியில் இன்னும் தண்ணீர் நிறைய இருந்தது. மேலே பனி புகைந்துகொண்டிருந்தது. எங்கள் பாதுகாப்புக்கு மீன் பிடிக்கிறவர் ஒருவர் தெர்மாகோல் மிதவையில் கூடவே வந்தார். சாலையில் ஜான்சன் பைக்கில் வந்தார். கைதட்ட யாரும் இல்லை. கரையில் நாரைகள் மட்டும் நின்றன.

தண்ணீரிலேயே அவர் தனியாகப் போய்விட்டார். நான் கரையேறியபோது அவருடைய சைக்கிள் இருந்த இடத்தில் ஈரக் காலடிகள்தான் இருந்தன. நெடுஞ்சாலையில் ஒரு லாரிக்கு அப்பால் அவருடைய மஞ்சள் ஹெல்மெட்டை ஒரு தரம் பார்த்தேன். அதற்குப் பிறகு அதுவும் இல்லை. கரையில் ஏறி ஓடும்போது என் மூச்சுச் சத்தம் மட்டும் எனக்குக் கேட்டது. அப்படியும் வேகத்தைக் குறைக்கவில்லை. பனைமரம் வந்ததும் இருந்ததையெல்லாம் கொட்டினேன். முந்துவதற்கு ஆள் இல்லை என்றாலும் கொட்டினேன்.

மதகடியில் அவர் குனிந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துக் கை தட்டவில்லை. சிரிக்கவும் இல்லை. வாயைக் கழுவிவிட்டு உட்கார்ந்தார்.

“எங்கயாச்சும் மெதுவா போனீங்களா?” என்று கேட்டேன்.

“இல்ல.” மூச்சு வாங்கினார். “ரோட்ல ஒரு இடத்துல திரும்பிப் பாக்கணும்னு தோணுச்சு. பாக்கல.”

தூரம் பெரிது. நான் நினைத்ததைவிடப் பெரிது. அதைப் பார்க்க வலித்தது, ஆனால் அது எனக்குச் சொந்தமான வலி. அப்போதுதான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.  ஜான்சன் இட்லி கொண்டுவந்து கொடுத்தார். நந்திதா என்னைவிட அதிகமாகச் சாப்பிட்டார்.

இப்போது நாங்கள் எப்போதாவது பேசிக்கொள்வோம். நீச்சலில் என் இடது கை வளைகிறது என்று அவர்தான் கண்டுபிடித்துச் சொன்னார். அதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் பொய். பந்தயத்தன்று என்ன ஆகியிருக்கும் என்பது அந்த ஞாயிற்றுக்கிழமை ஓட்டத்தாலும் தெரியவில்லை. அன்று பஞ்சரான டயர் பஞ்சரானதுதான். அன்று என் காலில் மிச்சம் இருந்த பலம் அன்றைக்கு மட்டும்தான் இருந்தது. அதை எடுத்துப் பார்க்க விடாமல் செய்துவிட்டார்கள்.

அந்த வீடியோ சாகவில்லை. மகளிர் தினம் வந்தால் பின்னணியில் ஒரு புல்லாங்குழலோடு மறுபடி கிளம்பி வருகிறது. போன வாரம் மைதானத்தில் பர்வீன் என்ற புது மாணவி, ஸ்கூட்டரில் உட்கார்ந்தபடியே போனை என்னிடம் நீட்டினாள்.

“அக்கா, இது நீங்கதானே? அந்த மேடம் உங்களக் கை தூக்கி விட்டாங்களே.”

“தூக்கி விடல பர்வீன். நல்லா ஓடிக்கினு இருந்தவள நிறுத்திட்டாங்க” என்றேன். “போன உள்ள வெச்சிட்டு வண்டிய எடு.”